மூன்று தண்ணீரும் மூன்று மாதமும்

மரகதம் சிஸ்டர் மாரடைப்பில் போய்விட்டதாகக் காரியாபட்டி சந்தையில் வெங்காயக்காரி சொன்னாள். பையை அங்கேயே போட்டுவிட்டு அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் அவரைக் கோபக்காரி என்பார்கள். கோபக்காரிதான். அந்தக் கோபம் இல்லையென்றால் என்னை எப்போதோ புதைத்திருப்பார்கள்.

அப்போது என் வீட்டுக்காரர் பம்பாய்க்கு லாரி ஓட்டினார். கூட ஓட்டியவர் எய்ட்ஸில் செத்தார். போகிற வழியில் இருவரும் பெண்களிடம் போய்வந்ததை ஊரே பேசியது. நான் தனியே படுத்துக்கொண்டேன். தனக்கு ஒன்றுமில்லை என்று எனக்குக் காட்டுவதற்காகவே, லோடு இறக்கி வந்த கையோடு என்னையும் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் கொடுத்தார். இல்லை என்றே வந்தது.

"கடைசியா எப்பப் போனீங்க?" என்றார் அங்கே நர்ஸாக இருந்த மரகதம் சிஸ்டர்.

"போன வாரம்."

"அப்ப இதை நம்பாதீங்க. கிருமி உள்ள போயிருந்தாலும் டெஸ்ட்டுல பிடிபட மூணு மாசம் வரைக்கும் ஆகும். ஆனா அடுத்தவுகளுக்கு இப்பவே ஒட்டிரும். வேற எங்கயும் போகாம, மூணு மாசங்கழிச்சு வாங்க. அதுவரைக்கும் இவளைத் தொடக்கூடாது."

மாமியார் விடுவாளா? அம்மை கண்டவருக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீர் ஊற்றுவோமே, அதை மகனுக்கு ஊற்றினாள்.

"மூணாந் தண்ணியும் ஊத்தியாச்சு. என்ன இருந்தாலும் எறங்கிருக்கும். உள்ள போடி" என்று என்னை அறைக்குள் தள்ளினாள்.

மாட்டேன் என்றேன். வீட்டுக்காரர் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். நெற்றி பிளந்தது.

தையல் போட்ட சிஸ்டர், என் துணிமணிகளை எடுத்துவர டூட்டி முடிந்ததும் என்னோடு திருச்சுழியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே வீட்டுக்காரர் ஜாக்கி கம்பியை ஓங்கினார். அது சிஸ்டரின் மணிக்கட்டை முறித்த சத்தம் எனக்குக் கேட்டது. சிஸ்டர் மறுகையால் உலக்கையை எடுத்து அவர் முழங்காலில் ஒரே போடு போட்டார். மனிதர் சுருண்டு விழுந்தார்.

"அம்மைக்கு மூணு தண்ணி. இதுக்கு மூணு மாசம். அதுக்கு முன்ன இவ இந்த வாசப்படி மிதிக்க மாட்டா."

என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து வீட்டுக்காரர் நொண்டிக்கொண்டே வந்து ரத்தம் கொடுத்தார். இருக்கிறது என்று வந்தது. நானும் கொடுத்தேன். எனக்கு இல்லை. அவர் ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து அழுதார். பெற்றவளே தொடத் தயங்கிய அவருக்குக் கடைசிவரை கஞ்சி ஊட்டியவரும் சிஸ்டர்தான்.

இப்போது என்னிடம் சிஸ்டருடைய கோபம் இருக்கிறது. என் தையல் கடைக்கு வந்து, 'எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுமில்லையாம்' என்று சொல்லும் பெண்களிடம், "கடைசியா எப்பப் போனாரு, ரத்தம் எப்பக் குடுத்தாரு?" என்று சத்தமாகவே கேட்கிறேன். சில புருஷன்மார் அடிக்க வருகிறார்கள். வரட்டும். அவர்களுடைய பெண்டாட்டிகள் உயிரோடு இருக்க வேண்டும்.