நேரியம் என்று விற்கிற அலரி

நேற்றுக் கல்முனையில் பூங்கன்று விற்கிற கடையொன்றுக்குப் போனால், ரோசாவுக்கும் ஓர்க்கிட்டுக்கும் நடுவில் நம்ம அலரி புதுப்பெண் மாதிரிச் சாடியில் இருக்கிறது. கழுத்தில் 'நேரியம்' என்று ஓர் அட்டை வேறு. வந்த கோபத்தில், வாங்கப்போன மல்லிகையையும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

சின்ன வயதில் எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் அலரிதான் வேலி. ஆடு கடிக்காது என்பதற்காகவே நட்டது. கிளையை ஒடித்தால் பால் கையில் பிசுபிசுக்கும். பக்கத்து வளவுச் சுபைதா மாமி கண்டால் போதும், வேலிக்கு மேலால் கத்துவா: "மகன், கையக் கழுவு! நஞ்சு அது!" ஊருக்கே கேட்கும். எனக்கு அவவைக் கண்ணில் காட்டக்கூடாது.

இப்போது வேலி போய் மதில் வந்துவிட்டது. உள்ளே இன்டர்லொக் கல், அதன் ஓரமெல்லாம் மருமகன் வைத்த சாடிகள்.

"இது அலரி, மருமகன். நஞ்செல்லோ?"

"இல்ல மாமா, இது நேரியம். வெளிநாட்டுச் சாமான்."

அதற்குமேல் கதைத்தால் மகளின் முகம் கறுக்கும். விட்டுவிட்டேன்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு கிடாய் வாங்கினோம். பென்சனுக்குப் போன பிறகு, என் பெயரில் அறுத்துப் பங்கிட்டுக் கொடுக்க ஆசைப்பட்ட முதல் குர்பான். மேய்ந்து வளர்ந்த கிடாயென்றால் அலரியை மோந்துவிட்டுப் போயிருக்கும். இது கொட்டிலில் நின்று, போட்டதைத் தின்று பழகியது. பெருநாளுக்கு முதல்நாள் முற்றம் துப்புரவாக்கிய மருமகன், வெட்டிய கிளைகளைப் புல்லோடு சேர்த்து அதன் முன்னால் போட்டிருக்கிறார். நான் பள்ளிவாசலால் வரும்போது அதன் வாயில் நுரை. மாட்டு டொக்டர் வருமுன் சரிந்துவிட்டது. குர்பானுமில்லை, கறியுமில்லை. பெருநாளன்று என் முகத்தைப் பார்க்காமலே எல்லோரும் சாப்பிட்டார்கள். மருமகனை ஏசவா, கடைக்காரனை ஏசவா?

இரண்டொரு நாள் கழித்து, என்னை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடுகிற பக்கத்து மாடி வீட்டு டீச்சர் துக்கம் விசாரிப்பதுபோல் வந்தா.

"உடுப்புக் காயப்போடக்குள்ள மருமகன் கிளையப் போடுறத மேல இருந்து கண்டன் காக்கா. அலரி எண்டும் தெரியும். உங்கட ஊட்டு விசயத்துல நான் எப்பிடிக் கதைக்கிற எண்டு உட்டுட்டன்."

ஏசத்தான் வாயெடுத்தேன். சொந்த மருமகனிடமே கத்தாத நான், அவவிடம் என்னத்தைக் கேட்பது? கத்துகிற ஆட்கள் எங்கள் தெருவில் இப்போது ஒருவருமில்லை.