தூரம் கேட்காத அண்ணா

அண்ணா கொழும்பு கொட்டாஞ்சேனையில், கப்பல்களின் சங்கொலி கேட்கும் வீடொன்றில், எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் ஐயா இளவயதிலேயே கண்மூட, அண்ணா படிப்பை விட்டுக் கப்பல் கம்பனி ஒன்றில் எழுதுவினைஞரானார். இனக்கலவரத்தில் அந்த வீடு போனபின் எங்களை வெள்ளவத்தை மாடிக்குடியிருப்பு ஒன்றுக்கு அழைத்துவந்தார். அக்காமார் இருவரையும் கட்டிக்கொடுத்தார். கலியாணம் வேண்டாமென்று கடைசித் தங்கை நான் நின்றுவிட, அவரும் அப்படியே நின்றுவிட்டார்.

பொறுப்பானவர் என்று எல்லோரும் சொல்லும் அண்ணாவுக்கு ஒரேயொரு பைத்தியம் இருந்தது. அது காடு. லீவு கிடைத்தால் போதும், உடன் வேலைசெய்த சுனிலோடு கித்துள்கலைப் பக்கத்து மலையடிவாரத்துக்குப் போய்விடுவார். என்னையும் இழுத்துப் போவார். மகிழ்ச்சியோடு போனேன் என்று எழுத மனம் வரவில்லை. காலுறையில் சவர்க்காரம் பூசினாலும் அட்டை ஏறும், மழை விடாது. நீல உடம்பும் சிவந்த அலகுமாக ஒரு பறவை கிளைக்குக் கிளை தாவும். அண்ணா சேறென்றும் பாராமல் குந்திவிடுவார். அதுவும் காக்கை இனந்தானாம். எனக்கு இன்றும் நம்பிக்கையில்லை.

சிவனொளிபாதமலை ஏறுபவர்கள் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கக் கூடாது என்பது இங்கே எல்லாச் சமயத்தவரும் காக்கும் வழக்கம். அண்ணா அதை எல்லாக் காட்டுப் பாதைகளுக்கும் சட்டமாக்கிவிட்டார்.

"அண்ணா, இன்னும் எவ்வளவு..."

"கேக்காத பிள்ளை. கேட்டா பாதை நீளும்."

"எனக்குக் கால் நோகுது."

"நோகட்டும். அங்க பார், மந்தி குட்டியோட இருக்கு."

சோதனைச்சாவடிகள் நிறைந்திருந்த காலத்தில், தூரநோக்கியோடு காட்டில் நின்ற தமிழர் என்று அவரைப் படையினர் ஒரு பகல் முழுக்கப் பிடித்து இருத்திவைத்தார்கள். குருவி பார்க்கிற அப்பாவி மனுசன் என்று சிங்களத்தில் மன்றாடி மீட்டுவந்தவர் சுனில்தான். அடுத்த மாதமே இருவரும் மறுபடி போனார்கள். அண்ணாவின் வீரம் அவ்வளவுதான். அது எனக்குப் பெரிதாகவே தெரிந்தது.

நுரையீரல் நோய் வந்தபின் கட்டிலிலிருந்து யன்னல்வரை நடப்பதே அவருக்கு மலையேற்றமாயிற்று. "ஒருக்காக் காட்டைப் பாக்கவேணும்" என்பார். வேறொன்றும் கேட்கவில்லை. வைத்தியர் வேண்டாம் என்றார். அக்காமார் "உனக்கும் விசரோ?" என்று என்னைப் பேசினார்கள். இரவும் பகலும் பார்த்துப் பார்த்து நானும் களைத்துப்போயிருந்தேன். இன்னொரு பயணம் என்றாலே உடம்பு கெஞ்சியது. சுனில் வான் வண்டியோடு வந்து வாசலில் நின்றபோது மறுக்கவும் பலமில்லை. ஒட்சிசன் சிலிண்டரோடு புறப்பட்டோம்.

காட்டுப்பாதை தொடங்குமிடத்தில் தேநீர்க்கடை அம்மா கதிரை தந்தார். அண்ணா இருந்தபடியே மரங்களைப் பார்த்தார். நீலப்பறவை வரவில்லை. மழை வந்தது. குடையை மடக்கச் சொல்லிக் கொஞ்சம் நனைந்தார்.

லிஃப்ட் வேலைசெய்யாத நாட்களில் அண்ணாவைக் கதிரையோடு தூக்கியிறக்கிய அயல்வீட்டுப் பிள்ளைகள், சாப்பாடு கொண்டுவந்து என்னைச் சாப்பிடவைத்த பக்கத்து வீட்டார், வைத்தியர்கள், தாதியர், இறுதிக்கிரியைகளில் தோள்கொடுத்த உறவுகள், நண்பர்கள் எல்லோருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். சுனிலுக்கு நன்றி சொன்னால் கோபிப்பார். சொல்லவில்லை.

கடைசி நாள் பின்னேரம் அண்ணா கண் திறந்து என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இன்னும் எவ்வளவு தூரம்?"

வாழ்நாளில் அவர் கேட்காத கேள்வி. கேட்டால் பாதை நீளும் என்றவர் அவர்தானே. அவ்வளவு களைப்பிலும் அது நீளட்டும் என்றே எனக்கிருந்தது.

"இன்னொருக்காக் கேளுங்கோ அண்ணா" என்றேன்.

அவர் கேட்கவில்லை.