சைக்கிள் டியூப்புக்கு ஒரு வெள்ளிப் பாம்பு

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் பள்ளி வாத்தியாராகச் சேர்ந்தபோது, கல்யாணமாகாத எனக்கு யாரும் வீடு தரவில்லை. கடைசியில் கிடைத்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவரின் தயவில்தான். "நான் பாத்துக்கிடுதேன், குடுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார். நன்றாகவே பார்த்துக்கொண்டார். நான் எத்தனை மணிக்கு வருகிறேன், எத்தனை இட்லி வாங்கி வருகிறேன் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வயது எழுபது. தாத்தா என்றால் முகம் கோணும். அண்ணாச்சி என்றுதான் கூப்பிட வேண்டும். மூன்று மாதமாக "என்ன சார்?" என்பதற்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் அவர்மேல் கொஞ்சம் எரிச்சல், நிறையப் பயம்.

இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரே குளியலறை. ஒரு நாள் காலை உள்ளேயிருந்து "ஐயோ, பாம்பு!" என்று அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், தலை நிறையச் சீயக்காயும் இடுப்பில் துண்டுமாக அண்ணாச்சி துவைக்கிற கல்மேல் நிற்கிறார். அவர் காட்டிய மூலையில், பஞ்சர் பார்க்கத் தண்ணீரில் முக்கிவிட்டு முந்தின நாள் நான் போட்டுவிட்டு வந்த சைக்கிள் டியூப் சுருண்டு கிடந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குள் தெருவே வாசலில் கூடிவிட்டது. இத்தனை பேர் முன்னால் அவர் மானம் போனால், அடுத்து என் பெட்டி படுக்கை தெருவுக்குப் போகும். அவர் கண்ணைக் கழுவிய நேரத்தில் டியூப்பைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டு, "சாக்கடை வழியா போயிடுச்சு அண்ணாச்சி" என்றேன். அது தொடையில் ஜில்லென்று ஒட்டியது.

மதியத்துக்குள் இரண்டு முழப் பாம்பு ஆறு முழமாகிவிட்டது. சாயங்காலம் அதற்குப் படமும் முளைத்தது. அந்த ஊரில் வீட்டுக்குள் பாம்போ தேளோ வந்தால், அதன் உருவத்தை வெள்ளித் தகட்டில் வாங்கி அம்மனுக்குச் செலுத்துவார்கள். அண்ணாச்சியும் கல்மேல் நின்றபோதே நேர்ந்துகொண்டாராம்.

"கண்ணால கண்டவரு நீருதான். வெள்ளிக்கெழம நீரும் வாரும் வே" என்றார்.

சார் போய் வே வந்தது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இல்லாத பாம்புக்காக அம்மன் முன்னால் போய் நிற்க வேண்டுமே.

கோயிலில் தகட்டுப் பாம்பை என் கையில் கொடுத்துக் கும்பிடச் சொன்னார். கும்பிட்டேன். உண்டியலில் போட்டுவிட்டு, புற்றுமண் பிரசாதத்தை என் நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டார். மண் பல்லில் நறநறத்தது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லாதேயும். அன்னைக்கு கல்ல விட்டு எறங்கும்போதே உம்ம கைலிக்குள்ளேருந்து வால்வு எட்டிப் பாத்துச்சு வே."

நான் கேட்டேன்: "அப்புறம் எதுக்கு இந்த உரு?"

"பயந்து நேந்துக்கிட்டேன்லா. பாம்பு பொய்யின்னாலும் பயம் நெசம்லா?" என்றவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எம் மானத்துக்காவ ஈர டியூப்ப இடுப்புல கெட்டுன ஆளு நீரு ஒருத்தர்தாம் வே."

கோபுர வாசலைத் தாண்டும்போது சட்டென்று நின்றார். "தெருவுல யாரும் கேட்டா ஆறு முழம்னுதான் சொல்லணும், என்ன?"

"ஏழுன்னே சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன்.