பிரிக்காத பத்திரிகைக் கவர்

தொண்ணூறுகளின் நடுவில், திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு நான் பொறுப்பு. பெயருக்குத்தான் பொறுப்பு. டேட்டாபேஸ் சர்வரின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. தெரிந்தவர், அதுவரை சர்வரைப் பார்த்துக்கொண்ட ஜாபர் பாய். முதலாளி எல்லார் முன்னாலும் திட்டியதால், இரண்டு வாரம் முன்புதான் வேலையை விட்டுப் போயிருந்தார்.

ஒரு நாள் காலை சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. பழைய ஃபைல்களை அழித்தால்தான் புதிய பேக்கிங் லிஸ்ட் ஏறும்; அழிக்க சூப்பர்வைசர் லாகின் வேண்டும். சாயங்காலம் அந்த லிஸ்ட்டோடு தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்பியாக வேண்டும். கப்பலை விட்டால் ஆர்டரே கேன்சல்.

பாயின் மகள் பெயர், வண்டி நம்பர் எல்லாம் அடித்துப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்யலாம் என்றார் கோயமுத்தூர் சர்வீஸ் என்ஜினீயர். ஆனால் சர்வரில் உள்ளதை நகலெடுத்து வைக்கும் எங்கள் பேக்கப் டேப் இரண்டு வாரப் பழசு; அதற்குப் பிறகு ஏற்றியதெல்லாம் போய்விடும். பாய் போன பிறகு டேப் போட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. முழுக்க என் தப்பு.

“வேணும்னே பூட்டிட்டுப் போயிட்டானப்பா” என்றார் முதலாளி. நானும் தலையாட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்படியே நம்பவும் செய்தேன்.

மதியம் யாரிடமும் சொல்லாமல் பாய் வீட்டுக்கு ஸ்கூட்டரை விட்டேன். நான் போனது சண்டை போடத்தான். அவரோ உட்காரவைத்து டீ கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிப்போயிற்று.

“போற அன்னிக்கே எழுதி முதலாளி கையிலயே குடுத்துட்டுத்தானுங்க தம்பி வந்தேன். கல்யாணப் பத்திரிகைக் கவர்ல போட்டு.”

எங்கள் ஆபீஸில் கவர் வாங்கும் வழக்கமே கிடையாது. முகூர்த்த மாதங்களில் வந்து குவியும் பத்திரிகைக் கவர்களைத்தான் எல்லாவற்றுக்கும் எடுப்போம். முதலாளி சொல்லிக்கொடுத்த சிக்கனம்.

நான் திரும்பி வந்து சொன்னதும் முதலாளி டிராயரை இழுத்தார். கவர் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

“புள்ள கல்யாணத்துக்குக் கூப்பிடறான்னு நெனச்சனப்பா” என்றார். “கோவத்துல தூக்கி உள்ள போட்டுட்டேன்.”

உள்ளே பாஸ்வேர்டு இருந்தது. அதன் கீழே, எந்தக் கிழமைக்கு எந்த டேப் என்று வரிசையாக எழுதியிருந்தார். கடைசி வரி: ‘தம்பிக்கு டேப் போடச் சொல்லித்தர நேரமில்லை, மன்னிக்கவும்.’

கன்டெய்னர் கிளம்பிவிட்டது. மறுநாள் முதலாளியே அவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டார். பாய் வரவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாஸ்வேர்டு தெரிந்தவர் போகிற அன்று, அவரை வைத்துக்கொண்டே ஒருமுறை லாகின் செய்து பாருங்கள். கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு மாதம் கழித்து ஜாபர் பாய் மகளுக்கு நிஜமாகவே கல்யாணம் வந்தது. ஆபீஸுக்கு வந்து பத்திரிகையை நீட்டிவிட்டு அவர் டீ குடித்து முடிப்பதற்குள், முதலாளி அதை அங்கேயே பிரித்து இரண்டு முறை படித்துவிட்டார்.