முகம் தெரியும் தரை

"பாவா, அப்படியே நில்லுங்க!"

போன வாரம், ஆடிக் கிருத்திகை காலையில் எங்கள் புது வீட்டு ஹாலில் நான் போட்ட கத்தல் இது.

பாவா என்றால் என் அக்காவின் கணவர். போன வருடம் முழங்காலில் ஆபரேஷன். எழுந்து நடந்தால் காவடி எடுப்பதாக வேண்டுதல். திருத்தணியில் மலையடிவாரத்தில் வீடு கட்டினால், சொந்தக்காரர்களின் காவடியெல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும்!

காவடியைத் தோளில் ஏற்றியதும், வழக்கப்படி அக்கா அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். முதல் அடி வைத்தார். கால் சர்ரென்று ஒரு சாண் போனது.

எடுத்த காவடியைக் கோயில் சேரும்வரை கீழே வைக்கக் கூடாது. மஞ்சள் தண்ணீரை வாசல் தாண்டும்வரை துடைக்கக் கூடாது. எங்கள் குடும்பத்துச் சட்டம். அவருடைய இரண்டு கையும் காவடியில். வாசலுக்கு இன்னும் எட்டு அடி. விழுந்தால்... அந்த முழங்கால் அவ்வளவுதான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

தப்பு யாருடையது? என்னுடையதுதான். டைல்ஸ் மேஸ்திரி படித்துப் படித்துச் சொன்னார்: "செருப்ப கழட்டிட்டு, தண்ணி ஊத்தி நடந்து பாத்து வாங்குங்க சார். பளபளன்னு கீறதெல்லாம் வழுக்கும். சொரசொரப்பா போட்டுக்கலாம்."

கேட்டேனா? ஷோரூமில் ஷூ காலோடு நடந்தேன். குனிந்து பார்த்தேன். என் முகம் தெரிந்தது. முகம் தெரிகிற இதுதான் வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். நம் வீட்டுக்குள் யார் ஷூ போட்டு நடக்கிறோம்?

பாவாவைப் பிடிக்க ஓடிய அக்காவும் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "டேய் தம்பி, இன்னாடா தரை போட்டு வெச்சிருக்கிற!"

என் மனைவி சமையலறையிலிருந்து இரண்டு சணல் கோணிகளோடு வந்தாள். நான் மண்டியிட்டு, ஒன்றை விரித்து ஓரங்களை அழுத்திப் பிடித்தேன்.

"வைங்க பாவா."

வைத்தார். அடுத்ததை விரித்தேன். வைத்தார். பின்னால் இருந்ததை மனைவி உருவிக் கொடுக்க, அதை மறுபடி முன்னால் விரித்தேன். இப்படியே எட்டு அடி, பின்பக்கமாகத் தவழ்ந்துகொண்டு. பயத்தில் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வாசலைத் தாண்டினார். வெளியே "அரோகரா!" அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் என்னைக் குனிந்து பார்த்தார்.

"இன்னா சார், உங்களுக்கும் வேண்டுதலா?"

"ஆங்," என்றேன்.

காவடி நல்லபடியாக மலையேறியது. மறுநாள் மேஸ்திரிக்கு போன் போட்டேன். ஹால் முழுக்கப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பானதைப் போட வேண்டும் என்றேன். அந்தப் பக்கம் ஒரு இருமல். சிரிப்பை அடக்குகிறார்!

"அதுல முகம் தெரியாதே சார்... பரவால்லயா?"

"அந்த முகத்த நேத்து தவழ்ந்துகினு போறப்பவே பாத்துட்டேன் மேஸ்திரி. பாக்கற மாதிரி இல்ல."