அப்பாவை மொக்கை என்று சொன்னவர்கள்

அப்பாவுக்கு மொக்கை என்றால் முனை மழுங்கிய ஊசி. திருப்பூரில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், செல்போனில் ரிங்டோன் மாற்றி மாற்றி வைக்கும் பையன்களுக்கு மொக்கை என்றால் சிரிப்பு வராத ஜோக், ஓடாத படம், சில நேரம் அப்பாவே. டீ நேரத்தில் அவர் தென்காசிப் பக்கத்துக் கதையை ஆரம்பித்தாலே, "அண்ணாச்சி, செம மொக்கை!" என்று கத்துவார்கள்.

அப்பாவுக்கு அதில் கொள்ளைச் சந்தோஷம். "எங்க காலத்துல இதைத்தான் அறுவைன்னோம், பிளேடுன்னோம். ஆக மொத்தம் எங்கூட உக்காந்தா ரத்தம் வரும்டே" என்பார். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஊரை விட்டு வந்த மனிதருக்கு அந்த டீக்கடை பெஞ்சுதான் சொந்தபந்தம்.

எங்கள் கம்பெனியில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். தைப்பது குழந்தைகள் உடுப்பு. துண்டு துணிக்குள் போய்விடக் கூடாது. ஒரு நாள் அப்பாவின் ஓவர்லாக் மெஷினில் ஊசி உடைந்தது. லைனையே நிறுத்திவிட்டு எல்லோரும் தரையில் குனிந்து தேடினோம். முனை அவர் காலடியிலேயே மின்னிக்கொண்டு கிடந்தது. ஒரு பையன் விரலை நீட்டிக் காட்டிய பிறகும் அப்பா வேறு இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

சூப்பர்வைசர் கொங்குக்காரர், தன்மையான மனிதர். "ஏனுங்க, நாளையில இருந்து பேக்கிங்ல அட்டைப்பெட்டி ஒட்டுங்க. இனி இந்த மெஷின் வேண்டாமுங்க" என்றார். அப்பா தலையாட்டினார்.

மறுநாள் டீ நேரத்தில் அப்பா வழக்கம்போலக் கதையை ஆரம்பித்தார். யாரும் கத்தவில்லை. முழுவதையும் அடக்கமாகக் கேட்டார்கள். பாவம் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. ஒரு தடவை கத்தித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அப்பா லேசில் விடவில்லை. பக்கத்தில் இருந்தவன் தோளில் தட்டி, "என்னடே, இன்னைக்கு எந்தப் பிள்ளைகூடக் கடலை போட்ட?" என்றார். அவர்கள் பேசுகிற பேச்சுதான். சரியாகத்தான் சொன்னார்.

அவன் சட்டென்று எழுந்துவிட்டான். "ஒண்ணுமில்லீங்க ஐயா. நீங்க நல்லாச் சாஞ்சு உக்காருங்க" என்றான். மற்றவர்களும் மரியாதையாக எழுந்தார்கள். அந்தப் பெஞ்சு முழுவதும் அப்பாவுக்கே கிடைத்தது.