இரண்டு டப்பா மக்கரோன்

“...இதுவும் கடலைத் தண்ணியிலதானே பண்ணினே? அப்போ ஒண்ணு எடுத்துக்கறேன் போ” என்று சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்கார ஆன்ட்டியின் கை டப்பாவுக்குள் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை. தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மாடி டேங்க் நிரம்பிவிட்டதா என்று பார்க்க வந்தவர் இறங்கும்போது என் சமையலறைக்குள் நுழைந்திருந்தார். மேடையில் இரண்டு டப்பாக்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இளம் ஊதாவில் வட்ட வட்டமாக மக்கரோன், நடுவில் நாவல்பழ ஜாம். சின்ன டப்பாவில் பன்னிரண்டு, அது அவருக்காகச் செய்தது. பெரிய டப்பாவில் முப்பது, அது என் கணவரின் ஆபீஸுக்கு. ஆன்ட்டி எடுத்தது பெரிய டப்பாவிலிருந்து. அதில் முட்டை இருந்தது.

ஈஜிபுராவில் இந்த வீடு கிடைப்பதற்கு முன் நான்கு மாதம் அலைந்தோம். திருப்பத்தூரிலிருந்து வந்த எங்களிடம் புரோக்கர் கேட்ட முதல் கேள்வி இன்றும் காதில் இருக்கிறது. “வெஜ்ஜா, நான்வெஜ்ஜா? அத முதல்ல சொல்லுங்க, பேரு அப்புறம் சொல்லிக்கலாம்.” மகளின் பள்ளி இரண்டு தெரு தள்ளி, போர்வெல்லில் தண்ணீர் நிற்காமல் வரும் வீடு. அதைப் பார்த்ததும் வெஜ் என்று தலையாட்டிவிட்டோம். கீழ்வீட்டில் இருக்கும் ஆன்ட்டியின் கணவர், அங்கிள், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நிபந்தனை சொன்னார்: கறியும் முட்டையும் கேட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது, வந்தால் அந்த மாதமே காலி. ஒன்றரை வருடம் அதைக் காப்பாற்றினோம். பிரியாணியை ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே சாப்பிட்டு, கையை இரண்டு தடவை கழுவிக்கொண்டு வீடு வந்தோம்.

கெடுத்தது மக்கரோன்தான். தூத்துக்குடி மக்ரூனைச் சொல்லவில்லை, அது கூம்பாக, முந்திரியில் செய்வது. இது பிரெஞ்சுக்காரர்களுடையது. போனில் யாரோ செய்வதைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டேன். பாதாம் மாவும் பொடித்த சர்க்கரையும் சலித்து, முட்டையின் வெள்ளைக்கருவைக் கவிழ்த்தாலும் விழாத நுரையாக அடித்து, இரண்டையும் கலந்து, பட்டர் பேப்பரில் வட்டமாகப் பிழிந்து, மேலே தோல் மாதிரி காயவிட்டு, அதன் பிறகு ஓவனில் வைக்க வேண்டும். சரியாக வந்தால் அடியில் பாவாடைக் கரை போல ஒரு சுருக்கம் விழும்.

எனக்கு முதல் தடவை அப்பளம் போல வந்தது. பாதாம் என்றாலே ஊறவைத்துத் தோலுரிப்பது என்று கைக்குப் பழகியிருக்கிறதே, அப்படியே ஊறவைத்து அரைத்துவிட்டேன். ஈர மாவில் எங்கிருந்து சுருக்கம் விழும்? அல்வாவாவது கிண்டியிருக்கலாம். ஐந்தாவது தடவையும் விரிசல் விட்டபோது கணவர் சொன்னார், இந்த நேரத்துக்கு ஒரு பிள்ளையை டென்த் பாஸ் பண்ண வைத்திருக்கலாம் என்று. ஏழாவது தடவை கரை விழுந்தது. அதற்குள் நான் டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து முட்டை கொண்டுவருவதில் தேர்ந்திருந்தேன்.

வாசனை படியிறங்கிப் போகும் என்று யோசிக்கவில்லை. ஆன்ட்டி மேலே வந்து, ஓவனுக்குள் என்ன என்று கேட்டார். பாதாம் பிஸ்கெட் மாதிரி ஒன்று, சரியாக வரவில்லை, வந்தால் கொடுக்கிறேன் என்று சமாளித்தேன். அவர் உடனே போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் அல்சூர்ல பொறந்து வளந்தவ. பக்கத்து வீடெல்லாம் கிறிஸ்டியன்ஸ். அறுவது வருஷமா எல்லா பர்த்டேக்கும் போய் கைதட்டி, சிப்ஸ் மட்டும் தின்னுட்டு வந்திருக்கேன்” என்றார். இப்போதுதான் எங்கே பார்த்தாலும் எக்லெஸ் கேக் இருக்கிறதே ஆன்ட்டி என்றேன். அதற்கு அவர், “போர்டு போட்டா ஆச்சா? உள்ள யாரு போய் பாத்தா? நீ பண்ணினா நான் பாத்த மாதிரி” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் இரண்டு நாள் தவித்தேன். பிறகு எங்கோ கண்ணில் பட்டது: வெள்ளைக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைச் சுண்டவைத்து, ஆறவிட்டு அடித்தால் முட்டைபோலவே நுரைக்குமாம். நம்பவில்லை. நுரை அடிக்கும் பீட்டரைப் பதினைந்து நிமிடம் ஓட்டியதும் நம்பினேன். கொட்டிவிடும் தண்ணீர், பாத்திரம் நிறையப் பஞ்சாக நின்றது. ஆன்ட்டியைப் பக்கத்தில் நிற்க வைத்தே இன்னொரு முறை செய்தேன்.

மழைக்காலமாக இருந்ததால் பிழிந்து வைத்தது காயவே இரண்டு மணி நேரம் ஆனது. உள்ளே வைக்க நாவல்பழம் வாங்கினேன். விற்ற வண்டிக்கார அம்மா, நேரளே (கன்னடத்தில் நாவலுக்கு அதுதான் பேர்) தின்றுவிட்டுத் தின்னவில்லை என்று யாரும் சாதிக்க முடியாது, நாக்கு காட்டிக்கொடுத்துவிடும் என்று சிரித்தார். பழத்தைச் சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்து, கரண்டியில் ஒட்டி நிற்கும்வரை சுண்ட வைக்க வேண்டும். தண்ணியாக இருந்தால் மேலோடு சொதசொதத்துவிடும். ஒட்டிய பிறகும் ஒரு நாள் பிரிட்ஜில் இருக்க வேண்டும். செய்த பலகாரத்தைச் சூட்டோடு நாலு வீட்டுக்குக் கொடுத்துப் பழகிய நமக்கு இந்த ஒரு நாள்தான் பெரிய கஷ்டம்.

மறுநாள் ஆன்ட்டி ஒன்றைக் கடித்தார். கண்ணை மூடினார். “முதல்ல சத்தம் வருது, அப்புறம் ஒண்ணுமே இல்லாம போய்டுது” என்றார். அதன்பின் நான் எவ்வளவோ பேரிடம் கொடுத்துவிட்டேன், அதைவிட நன்றாக ஒருவரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து இரண்டு கணக்காக வாழ்ந்தேன். அவருக்குக் கடலைத் தண்ணீர், எனக்கு எப்போதாவது முட்டை. அவருக்குக் கொடுத்ததில் ஒரு நாளும் கலக்கவில்லை. அது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆன்ட்டியின் பன்னிரண்டைப் புதன்கிழமையே செய்து வைத்துவிட்டேன்; வியாழக்கிழமை ஆபீஸ் விருந்துக்காக முப்பது செய்ய வேண்டியிருந்தது. கடலையைக் குக்கரில் போடும்போது, சுண்டல் பழக்கத்தில் கை தானாக உப்பை அள்ளிப் போட்டுவிட்டது. விசில் வந்த பிறகுதான் உறைத்தது. மறுபடி கடலை ஊற நேரம் இல்லை. முட்டை இருந்தது.

இப்போது அதில் ஒன்று ஆன்ட்டியின் விரல்களுக்கு நடுவில். உள்ளே கணவர் குளித்துக்கொண்டிருந்தார், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நான் பேசாமல் இருந்தால் போதும். நாவல்பழம் மாதிரி இல்லை, முட்டை யாரையும் காட்டிக்கொடுக்காது. ருசியில் வித்தியாசம் தெரியாது என்பதில்தான் இத்தனை நாள் எனக்குப் பெருமையே. அவர் சாப்பிடுவார், நன்றாக இருக்கிறது என்பார், கீழே போவார். வீடு இருக்கும், பள்ளி பக்கத்தில் இருக்கும். அறுபது வருடமாக அவர் கட்டிக்காத்த ஒன்று மட்டும் அவருக்கே தெரியாமல் இல்லாமல் போயிருக்கும். ‘நீ பண்ணினா நான் பாத்த மாதிரி’ என்று சொன்ன வாய்க்குள்ளேயே அது நடந்திருக்கும்.

“ஆன்ட்டி, அத வைங்க. அதுல முட்டை இருக்கு.”

கை பாதியில் நின்றது. அவர் மக்கரோனைப் பார்த்தார், பிறகு என்னை.

“அப்போ இத்தன நாளா நான் தின்னது?”

“அது கடலைத் தண்ணிதான் ஆன்ட்டி. சத்தியமா. உங்க டப்பா தனி.”

“அத எப்படிம்மா நான் நம்பறது?”

நியாயமான கேள்வி. என்னிடம் இருந்த ஒரே பதில் அவர் கையிலேயே இருந்தது, கடிபடாமல். ஆனால் அதைச் சொன்னால் சாமர்த்தியமாக இருக்கும், பதிலாக இருக்காது.

எத்தனை மாதமாக என்று கேட்டார். ஆறு மாதம் என்றேன். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

“முட்டை ஓட்டையெல்லாம் எங்கம்மா போடறே? காலைல கசவு ஆட்டோ வரப்போ ஈரக் குப்பைய நான்தானே எடுத்துக் குடுக்கறேன். ஒரு நாளும் கண்ணுல படலியே.”

நியூஸ்பேப்பரில் சுற்றி, பால் கவருக்குள் போட்டு, கைப்பையில் வைத்து, நான் வேலைபார்க்கும் பிளே ஸ்கூலுக்குப் போகும் வழியில் பஸ் ஸ்டாப் தொட்டியில் போடுவதாகச் சொன்னேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. ஒருமுறை கவர் கிழிந்து, பையிலிருந்த பிள்ளைகளின் வரைதாள்களில் ஒட்டிக்கொண்டதையும், கேட்காமலே, சொன்னேன்.

ஆன்ட்டி மக்கரோனை எடுத்த இடத்திலேயே வைத்தார். சிங்க்கில் குழாயை முழங்கையால் திறந்து கையைக் கழுவினார். படியிறங்கிப் போனார்.

குளித்துவிட்டு வந்த கணவர் என் முகத்தைப் பார்த்து என்ன என்றார். சொன்னேன். அவர் துண்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பள்ளியில் வருட நடுவில் டி.சி. தருவார்களா என்றுதான் முதலில் கேட்டார். கீழே அங்கிளின் குரல் கேட்டது. மேலே என்ன இவ்வளவு நேரம் என்று கன்னடத்தில் விசாரித்தார். ஆன்ட்டியின் பதில் தெளிவாகவே மேலே வந்தது: டேங்க் நிரம்ப நேரமாகிவிட்டதாம்.

சற்றுப் பொறுத்து மறுபடி படியில் காலடி. ஆன்ட்டி முந்தானையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அதற்குள்ளிருந்து பழைய பெயின்ட் டப்பா ஒன்றை, இறுக்கமான மூடியோடு, எடுத்தார். குனிந்து அதை சிங்க்கின் அடியில், ஈரக் குப்பைக் கூடைக்குப் பின்னால் மூலையில் தள்ளினார். பின் நிமிர்ந்து, சின்ன டப்பாவைத் திறந்து பார்த்து, பன்னிரண்டையும் அப்படியே மூடி, பெயின்ட் டப்பா வந்த அதே முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.